மச்சான் சொன்ன வசனங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மேல் என்னை யாரும் வீட்டில் பிடிக்க முடியாது. கல்யாணமான புதிதில் இருந்தே அப்படித்தான். என் மனைவி முதலில் முணுமுணுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். போகிற இடம் அவளுடைய அண்ணன் வீடுதானே. அவரைத்தான் நான் மச்சான் என்பேன். நீங்கள் விசாரித்துக்கொண்டிருப்பதும் அவருடைய சாவைத்தான்.

மச்சான் அப்போது சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலையில் இருந்தார்; லீவில் ஊருக்கு வந்திருக்கும் மாதங்களில்தான் அந்த ஞாயிறுகள். ஜப்பான் துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போதெல்லாம் பழைய வீடியோ கடைகளில் புகுந்து, அந்த ஊர் தாதா படங்களின் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார். அந்தக் கேசட் இங்கே விற்கிற பிளேயரில் ஓடினால் படம் உருளும், நிறம் வராது. அதனால் அங்கிருந்தே ஒரு பிளேயரும், அதற்குத் தேவையான நூறு வோல்ட் மின்சாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் சுமந்து வந்தார். படம் ஓடும் நேரமெல்லாம் அது மேசைக்கடியில் உறுமிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் அந்தப் படங்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சண்டை வரும்போது கேமராவும் கூட்டத்தோடு இடிபட்டு ஓடும். ஒருவன் செத்தால் படம் அப்படியே உறைந்து நிற்கும். செத்தவனின் பெயரும் தேதியும் வெள்ளை எழுத்தில் வரும். தப்பு செய்தவன் தன் சுண்டுவிரலைத் தானே வெட்டி, துணியில் சுற்றி, கும்பலின் பெரியவர் முன்னால் வைப்பான். பெரியவர் அதைத் தொட மாட்டார். அந்த மூன்று நொடி மௌனத்தைப் பார்க்கவே நாங்கள் கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறோம்.

கேசட்டில் படத்துக்குக் கீழே மொழிபெயர்ப்பு எழுத்து எதுவும் வராது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். குரலை மாற்றிச் சொல்லுவார். பெரியவருக்குக் கட்டைக் குரல், அவரிடம் வேலை பார்க்கும் இளையவனுக்குத் தன் சொந்தக் குரல். எனக்கு மிகவும் பிடித்த படத்தில், பெரியவர் செய்த கொலையை இளையவன் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போவான். போகும்முன் பெரியவர் அவன் தோளைத் தொட்டு ஏதோ சொல்வார். மச்சான் சொன்ன வசனம் இது: "நீ உள்ள இருக்கிற வரைக்கும் உன் வீடு என் வீடு. உன் வீட்டுல சோறு வெந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்." ஒவ்வொரு முறையும் நான் முன்னால் சாய்ந்து அதைக் கேட்பேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் மீது ஒரு வழக்கு இருந்ததைக் கோப்பில் பார்த்திருப்பீர்கள். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அன்று மாலை கம்பெனி வேனில் நானும் மச்சானும் வந்துகொண்டிருந்தோம். அவர் கப்பலை விட்டு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது; வண்டி ஓட்ட ஆசைப்பட்டார், கொடுத்தேன். ஏதோ ஒரு காட்சியைச் சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். சைக்கிளில் வந்த தபால்காரர் வேனுக்கடியில் போய்விட்டார். கடிதங்கள் மழையில் ரோடெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

மச்சான் எஞ்சினை அணைத்தார். "நீங்க எறங்கிப் போயிடுங்க மாப்ளே. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்கு அம்மா இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை. "கம்பெனி வண்டிய என் பேர்லதான் குடுத்திருக்கு மச்சான். இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றேன். அவர் மறுத்தார். நான் விடவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த வசனத்தையே அவரிடம் திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மூன்று வருடம் உள்ளே இருந்தேன். பார்க்க வருகிறவர்களை உள்ளே விடும் இரண்டாவது சனிக்கிழமை ஒன்றைக்கூட மச்சான் தவறவிட்டதில்லை. என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தவர் அவர். நான் வெளியே வந்த அன்று விடியும் முன்பே வாசலில் வந்து நின்றிருந்தார். என் பழைய வேலைக்காகக் கம்பெனி மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு வாரம் போய்ப் போய் நின்று, அதையும் வாங்கிக் கொடுத்தார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அவர் நல்லவர் என்பதை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

போன வருடம் அந்தப் படம் புதிதாகத் துடைத்துச் சரிசெய்த டிஸ்க்காக வெளிவந்தது. கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும் என்று போட்டிருந்தார்கள். வரவழைத்தேன். மச்சானை ஆச்சரியப்படுத்தலாம் என்று, ஒரு புதன்கிழமை லீவு போட்டு முதலில் நான் மட்டும் பார்த்தேன். என் ஆங்கிலம் மெதுவானது. நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன்.

பெரியவர் இளையவனின் தோளைத் தொடுகிறார். கீழே எழுத்து வருகிறது: உன்னை மாதிரி ஒரு இளிச்சவாயன் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

இளையவன் சிரிக்கிறான். நன்றியோடு சிரிக்கிறான் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவன் வெளியே வரும்போது சிறை வாசலில் நிற்கிறவர்கள் வரவேற்க வந்தவர்கள் அல்ல. அவனைத் தீர்த்துக்கட்டப் பெரியவர் அனுப்பிய ஆட்கள். அவன் தப்பித்துப் போய்ப் பெரியவரைக் குத்துகிறான். மச்சானின் கதையில் பெரியவரைக் குத்தியவன் எதிரிக் கும்பலைச் சேர்ந்தவன். இளையவன் காப்பாற்றத்தான் ஓடி வருகிறான்.

மதியம் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "படத்துல என்ன சொன்னா என்ன? எங்கண்ணன் வந்தாரா, இல்லையா?" என்று கேட்டாள். வந்தார் என்றேன். "அப்புறம் என்ன?" என்றாள். அவளுக்குச் சினிமாவில் ஈடுபாடு கிடையாது.

அடுத்த ஞாயிறு மச்சானிடமே கேட்டேன். அவர் அசடு வழிந்தார். "எனக்கு எங்க மாப்ளே ஜப்பான் பாஷை தெரியும்? எண்ணெய், கயிறு, வெந்நீர், அவசரம்... இப்படி ஒரு நாப்பது வார்த்தை. மீதி எல்லாம் உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னதுதான். நீங்க அப்படி முன்னால சாஞ்சு கேப்பீங்க. ஏமாத்த மனசு வரல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன்.

அதற்குப் பிறகும் பத்து மாதம் ஞாயிறு தவறாமல் போனேன். இனி எழுத்தோடு பார்ப்போம் என்று டிஸ்க்குகளாக வாங்கினேன். மச்சானுக்கு அதில் சுரத்தே இல்லை; பாதிப் படத்தில் தூங்கிவிடுவார். ஒவ்வொரு படமாகச் சரிபார்த்தேன். ஒன்றில்கூட எந்தப் பெரியவரும் யாருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. மூன்று வருடம் நான் இருந்த அறையை நினைத்துக்கொள்வேன். அந்த அறையில் என்னைத் தாங்கிய வசனத்தை உலகத்தில் ஒருவரும் எழுதவில்லை, ஒருவரும் பேசி நடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

அவர் அதன்படியே நடந்துகொண்டாரே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் யோசித்தேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் என்னைக் கைவிட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். படத்தில் உள்ளபடி நான் நடந்திருப்பேன், அவரும் நடந்திருப்பார். அவர் மட்டும் படத்தில் இல்லாததைச் செய்துகொண்டே இருந்தார்.

போன மாதம் மூத்த பெண் அவரைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். கிளம்ப முடிவு செய்துவிட்டு, "கேசட் எல்லாம் உங்களுக்குத்தான் மாப்ளே. உங்கள மாதிரி வச்சுக் காப்பாத்த யாரு இருக்கா" என்றார். அவர் வீடு நான்காம் தளம். அந்தக் கட்டிடத்து லிஃப்ட் என் பொறுப்பில் உள்ளது. அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கச் செவ்வாய்க்கிழமை மதியம் போனேன்.

தளக் கதவைத் திறக்க எங்களிடம் ஒரு முக்கோணச் சாவி இருக்கும். ஆள் ஏறும் கூண்டு எந்தத் தளத்தில் நின்றாலும் அது கதவைத் திறந்துவிடும். கூண்டு எட்டாம் தளத்தில் நின்றுகொண்டிருந்தது. கூண்டின் உள்விளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை. மச்சானுக்கு அந்த இருட்டு பழகிப் போயிருந்தது. அவர் மார்பு உயரத்துக்குப் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். கால் தெரியாது. நான் சாவியால் கதவைத் திறந்து, காலால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நிக்குதா மாப்ளே?" என்று கேட்டார்.

"நிக்குது மச்சான். வாங்க" என்றேன்.

என் வார்த்தை போதும் அவருக்கு. காலை எடுத்து வைத்தார். போகும்போது "மாப்ளே" என்றார். கத்தவில்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது. கதவை மூடிவிட்டுப் படியிறங்கி வந்து, ஆம்புலன்சுக்குப் போன் செய்தது நான்தான்.

நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ஓர் இடத்தில் மட்டும், பல நாள் மனவேதனையில் அந்தக் கணத்தில் ஏற்பட்ட ஆத்திரத்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மீது இரக்கப்பட்டு எழுதியிருக்கலாம். நேற்று வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வசனத்தை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று இவ்வளவு நேரம் சொன்னவன், அதில் கையெழுத்துப் போட முடியாது. அடித்துவிடுங்கள்.

லிஃப்ட் குழியில் உங்கள் ஆட்கள் பொறுக்கிய கேசட்டுகள் பத்தொன்பது, டிஸ்க்குகள் ஆறு. பட்டியல் சரியாக உள்ளது. அந்த இருபத்தைந்துக்கும் என் வீட்டில் நல்ல பிரதி ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை முழுக்க மச்சான் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, கீறல் விழுந்தது, பூஞ்சை பிடித்தது, இரண்டாவது பிரதி என்று பார்த்துப் பார்த்து அந்தப் பெட்டியில் தனியாக அடுக்கினேன்.