குளியலறைக் கைபிடி

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு நண்பர்கள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ஒருவர் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுக் கூடை. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“சாதாரண வெல்டிங் பிளான்டே எடுத்திருக்கலாம் மச்சான். வீட்டுக் கராஜில வச்சு எல்லாம் செய்யலாம் எண்டு, மூண்டு விதமா ஒட்டுற மெசினை வாங்கினன்.”

“மலிவா வாங்கினதால மெசின் பழுதாப் போச்சோ?”

“மெசின்ல ஒரு பிழையும் இல்லை. காஸ் இல்லாம ஒட்டுற கம்பி போட்டா, உள்ளுக்க ரெண்டு வயரையும் இடம் மாத்திப் பூட்டோணும். நான் மாத்தேல்லை, ஒட்டு உள்ளுக்க பிடிக்கேல்லை. அப்பாவுக்குச் செய்த பாத்ரூம் கைபிடி பாக்க வடிவா ஒட்டினமாதிரித்தான் இருந்தது.”

“இழுத்துப் பாக்கேல்லையே?”

“பெயின்ட் அடிக்கிற அவசரத்தில பாக்கேல்லை. அப்பா பிடிச்சு எழும்பேக்க கையோட கழண்டு வந்திட்டுது. இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு.”

பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியது. நண்பர் கேட்டார்.

“அப்பா உன்னை ஏசினவரோ?”

“ஒரு சொல்லும் ஏசேல்லை. சவர்க்காரம் வழுக்கி விழுந்ததாம். மகன் செய்து தந்த கைபிடி இருந்தபடியால்தான் தலை தப்பினதாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறார். நான் அப்பா வாயில சோறு தீத்திக்கொண்டு இருக்கிறன்.”