நான்கு நிமிடத்தில் சி பிளாக்

எங்கள் பல்கலைக்கழகத்தில் தீ அலாரம் அடித்தால் எல்லோரும் முதலில் போன் சார்ஜரைத்தான் தேடுவார்கள். அதன்பிறகு டிபன் பாக்ஸ். அதன்பிறகு பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, "இன்னா, போலாமா?" என்று ஒரு கேள்வி. அவர் எழுந்தால்தான் இவர் எழுவார். ஆறு வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்று பார்த்தவன் சொல்கிறேன், படித்தவர்கள்தான் தாமதம். தோட்டவேலைக்காரர்கள் சொன்னவுடன் வந்து நிற்பார்கள். இருபத்தெட்டு பேராசிரியர்களைக் கீழே இறக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

சிரிக்கிறீர்கள் மேடம். சிரிக்கிற விஷயம்தான், தப்பில்லை. சி பிளாக்கில் லீலா என்ற பெண் எப்படி இறந்தாள் என்று போன வாரம் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மின்கசிவால் தீப்பிடித்தது என்று பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியன் கார்முகிலை இரண்டு நாளாக இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அனுப்பிவிடுங்கள். அதைச் சொல்லத்தான் காலையில் சாப்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து நானே வந்தேன்.

என் பெயர் தசரதன். வயது ஐம்பத்தாறு. ஊர் வல்லம் வடகால். மூன்று கம்பெனியில் ஃபிட்டராக இருந்துவிட்டு இந்தப் பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் ஆபீஸில் சேர்ந்தேன். லிஃப்ட் நின்றால், குழாய் வெடித்தால், ஹாஸ்டலில் பாம்பு வந்தால், எங்காவது புகை தெரிந்தால், முதல் போன் எனக்குத்தான் வரும். நான் பதற மாட்டேன். ஒருமுறை மாசமாக இருந்த ஒரு டீச்சர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவரோடு வத்தக்குழம்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், "உங்க குரல்தான் சார் என்னக் காப்பாத்துச்சு" என்றார். என் குரலுக்கு அங்கே அப்படி ஒரு பெயர் உண்டு.

இந்தத் தீ ஒத்திகை ட்ரில் நடத்துவதில் எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். எனக்கும் கங்காவுக்கும் ஒரே பெண். சுகப்பிரியா. ஒரகடம் பக்கம் சீட் கவர் தைக்கிற ஒரு கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் பகல் ஷிஃப்டில் அலாரம் அடித்திருக்கிறது. விமல் என்று ஒரு லைன் சூப்பர்வைசர். "டெஸ்டிங்தாம்மா, கைய நிறுத்தாதீங்க, லைன் நிக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறான். அடிக்கடி டெஸ்டிங் நடக்கிற இடம், நம்பிவிட்டார்கள். என் பெண் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை மேடம். புகைதான். முந்தின வாரம் வைத்த மருதாணி விரலில் அப்படியே சிவந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிச்சைக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

விமலைத் தேடிப் போய்க் கேட்டேன். "ஏன்யா அப்டி சொன்னே?" என்றேன். "மேல இருந்து சொன்னாங்க சார், எனக்கே தெரியாது சார்" என்று தெருவில் நின்று அழுதான். நான் அவனை மன்னிக்கவில்லை. வாயில் வருகிற ஒரு வார்த்தை ஒரு பெண்ணைக் கொல்லும் என்று தெரியாதவனுக்கு மன்னிப்பு எதற்கு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால்தான் மாதம் ஒரு ட்ரில். பிள்ளைகள் எனக்கு 'ட்ரில் மாமா' என்று பெயர் வைத்தார்கள். "டேய், ட்ரில் மாமா வந்துட்டாருடா, ஓடுங்கடா!" என்று கத்துவார்கள், ஒருவனும் ஓடமாட்டான். எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் கையெழுத்து விஷயத்தில்தான். ட்ரில்லுக்கு முந்தின நாளே எல்லா டிபார்ட்மென்டிலும் தலைக்கணக்குத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவார்கள். கீழே இறங்கி வந்து வெயிலில் வரிசையில் நின்று போட வேண்டிய கையெழுத்து அது. அது தயாராக இருந்தால் இறங்கியே வரவேண்டாம் பாருங்கள். நான் எவ்வளவோ சண்டை போட்டேன். "விடுங்க தசரதன், பேப்பர் கரெக்டா இருக்கில்ல" என்றார்கள்.

பதிவாளர் நடேசன் சார் ஜூன் மாதம் என்னைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "மாசா மாசம் க்ளாஸ் கெடுது தசரதன். வருஷத்துக்கு ஒண்ணு போதும்" என்றார். நான் நகராமல் நின்றேன். அவர் மேஜைக் காலண்டரைப் புரட்டினார். "சரி, கடைசியா ஒண்ணு நடத்துங்க. நானே வந்து நிக்கறேன். சி பிளாக்க நாலு நிமிஷத்துல காலி பண்ணிக் காட்டிட்டா, மாசா மாசம் நடத்த கையெழுத்து போடறேன். இல்லன்னா இந்தப் பேச்ச விட்ருங்க." அதுவரை சி பிளாக் காலியானதில் குறைந்த நேரம் பத்தொன்பது நிமிடம்.

மணிக்கு அசையாத ஜனங்கள் புகைக்கு அசைவார்கள். இது தெரிய பெரிய படிப்பு வேண்டாம். இரண்டாவது மாடியில் மேற்குப் படிக்கட்டை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம், சாவி என்னிடம். பழைய மெத்தைத் துண்டு கொஞ்சம் இரும்பு டிரம்மில் போட்டுப் புகைய விடுவது, நான்காவது நிமிடம் நானே மேலே போய் அணைப்பது. பக்கத்தில் இரண்டு தீயணைப்பு சிலிண்டர் வைத்தேன். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

முந்தின நாள் ஹாஸ்டலுக்கு வந்த புது மெத்தைகளை இடமில்லை என்று அந்த ரூமில்தான் அடுக்கியிருந்தார்கள். அறுபது இருக்கும், பிளாஸ்டிக் உறையோடு. நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். டிரம்மை நான்கு அடி தள்ளி வைத்தேன். மெத்தை எரிகிற புகையில் நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி என்று பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்தவனும் நான்தான்.

லீலாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பிள்ளைப்பாக்கத்துப் பெண், இருபத்துநான்கு வயது, மூன்றாவது மாடி லேபில் அசிஸ்டென்ட். அந்த மாடிக்குப் பொறுப்பாளர் அவள்தான். மாடிக்கு ஒருவர் இருப்பார்கள். பச்சை ஜாக்கெட் போட்டு, கையில் வாக்கி-டாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரூமாக ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்க வேண்டும். மற்றவர்கள் ஜாக்கெட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லீலா போட்டுக்கொள்வாள். நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வாள். பல்கலைக்கழகத்தில் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள். "இன்னா சார், இன்னிக்கு மூஞ்சி உர்ருனு கீது, யாராவது டீ குடிச்சினே எறங்கி வந்தாங்களா?" என்று கேட்டுச் சிரிக்க வைப்பாள். அவள் சிரிக்கும்போது எனக்கு என் பெண்ணின் நினைப்பு வரும். ஆசையாகவும் இருக்கும், வயிறும் எரியும்.

அவளுக்கு வீசிங் உண்டு. அதற்கு முந்தின ட்ரில்லில் பதறிக்கொண்டு இறங்கி வந்து, மூச்சுவிட முடியாமல் அரைமணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை புகை வேறு. பெண் பயந்து ஓடி மூச்சு முட்டிவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. நாளைக்கு ட்ரில் என்பது எல்லோருக்கும் தெரியும், மணியையும் புகையையும் முந்தின நாள் ஸ்டாஃப் பஸ்ஸில் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளுக்கு மட்டும் சொன்னேன். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒண்ணு நடக்கும். லேசா புகைகூடத் தெரியும். ட்ரில்தான், நான்தான் வெக்கறேன். நீ ஓடாத, நெதானமா எல்லா ரூமையும் பாத்துட்டு வா."

"புகைலாம் வுடுவீங்களா? செம சார் நீங்க," என்றாள். "எங்கம்மாகிட்ட சொல்லவா?"

"யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. சொன்னபடி கேட்கிற பெண்.

மறுநாள் சரியாகப் பதினோரு மணிக்கு டிரம்மில் நெருப்பு வைத்துவிட்டு, கதவைக் கொஞ்சம் திறந்தபடி விட்டு இறங்கினேன். அலாரம் பட்டனை அழுத்தினேன். நடேசன் சார் வேப்பமரத்தடியில் போனில் நேரம் ஓடவிட்டு நின்றார். முதல் நிமிடம் யாரும் வரவில்லை. பிறகு யாரோ, "ஐயோ, புகைடா!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். சார்ஜர் இல்லை, டிபன் பாக்ஸ் இல்லை, செருப்புகூட இல்லாமல் வந்தார்கள். இருபத்தெட்டு பேராசிரியர்களும் ஓடிவந்தார்கள். மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேரும் உயிரோடு வெளியே நிற்கிறார்களே, என் பெண்ணோடு லைனில் இருந்தவர்களும் இப்படி ஓடியிருந்தால் என்று நினைத்தேன். வெளியே அப்போது புகை தெரியவில்லை; நடேசன் சார் என் தோளில் கை போட்டு, "ஒத்துக்கறேன்யா" என்றார். யாரோ போட்டோ எடுத்தார்கள். நான் அந்த நேரத்துக்கு மேலே போய் டிரம்மை அணைத்திருக்க வேண்டும். போகவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் ட்ரில்லுக்காக என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார், நின்றுவிட்டேன்.

அப்போது என் வாக்கி-டாக்கியில் லீலா பேசினாள்.

"சார், மூணாவது மாடி சார். லேப்பு, க்ளாஸ் ரூமுலாம் பாத்துட்டேன், யாருமில்ல. புகை ஜாஸ்தியா கீது சார், கண்ணு எரியுது. ட்ரில்லுதான சார்?"

நடேசன் சார் பத்தடி தள்ளி, பேராசிரியர்களுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "ட்ரில்தாம்மா. நிதானமா பாத்துட்டு வா" என்றேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். மேலே ஏதோ பட்பட்டென்று வெடிக்கிற சத்தம். இரண்டாவது மாடி ஜன்னலில் கறுப்பாகப் புகை, அதற்குள் சிவப்பு. மெத்தைகள் பிடித்துக்கொண்டன. மறுபடி அவள் குரல். இருமிக்கொண்டே பேசினாள். "சார், பாத்ரூம் ஒண்ணுதான் பாக்கி. கீழ இன்னாவோ வெடிக்குது சார். மெய்யாலுமே ட்ரில்லுதான? இல்லன்னா கிழக்கால படில எறங்கிடட்டா?"

கிழக்குப் படிக்கட்டில் அப்போது புகையே இல்லை. இறங்கு என்று ஒரு வார்த்தை போதும்.

"ட்ரில்தான்" என்றேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட டீச்சரிடம் பேசிய அதே குரலில் சொன்னேன்.

"செரி சார்" என்றாள். அவள் பேசிய கடைசி வார்த்தை அது. பாத்ரூம் மேற்குக் கோடியில் இருக்கிறது.

நான் ஓடியிருக்கலாம். என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஓடினால் இது ட்ரில் இல்லை என்று ஆகிவிடும், அப்படியானால் யார் வைத்தது என்று கேள்வி வரும், பிறகு இந்த ஜென்மத்தில் அங்கே ஒரு ட்ரில்லும் நடக்காது. நடேசன் சார் முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்து, "தசரதன், அது இன்னாய்யா நெருப்பு? எல்லாரும் வந்தாச்சா?" என்றார். என் கையில் தலைக்கணக்குத் தாள் இருந்தது. நானூற்றுப் பதின்மூன்று பெயர், நானூற்றுப் பதின்மூன்று கையெழுத்து. மூன்றாவது மாடி வரிசையில் லீலாவுடையதும் இருந்தது, முந்தின நாளே அவள் போட்டுக் கொடுத்தது, வட்ட வட்டமான எழுத்து. "வந்தாச்சு சார்" என்று தாளை நீட்டினேன். தீயணைப்பு வண்டி வந்தபோது அந்த அதிகாரியும் அதையேதான் கேட்டார். அவருக்கும் அதே தாளைக் காட்டினேன். ஆள் இல்லாத கட்டடம் என்று அவர்கள் இரண்டாவது மாடியை மட்டும் அணைத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஒருவர் மூன்றாவது மாடிக்குப் போனார். பாத்ரூம் வாசலில் கிடந்தாள். பச்சை ஜாக்கெட்டின் பொத்தான்கூடக் கழட்டவில்லை.

சாயந்திரம் அவள் அம்மா காமாட்சியம்மாள் வந்தார். அழவில்லை. கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து எதிரே வந்து நின்றார். "நீங்கதான தசரதன் சாரு? மணி அடிச்சா இன்னா பண்ணணும்னு நீங்க சொல்லிக் குடுத்தத வூட்ல வந்து எனக்கே பாடம் எடுப்பாளே சார். அவ்ளோ தெரிஞ்ச பொண்ணு ஏன் சார் எறங்கி வரல?"

"ரொம்பப் பொறுப்பான பொண்ணும்மா" என்றேன். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த இடத்திலேயே செத்திருக்கலாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து கங்கா போடுகிற சோறு எனக்கு இறங்கவில்லை. இன்றைக்குக் காலையில்தான், இங்கே வருவது என்று முடிவு செய்தபிறகு, நாலு இட்லி சாப்பிட்டேன்.

நடேசன் சார் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். இப்போது மாசா மாசம் ட்ரில், லீலா பெயரிலேயே. போன திங்கட்கிழமை முதல் ட்ரில். சி பிளாக் இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் காலி. யாரும் என்னை ட்ரில் மாமா என்று கூப்பிடவில்லை. எல்லோரும் இறங்கி வந்து வெயிலில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள், சில பெண்கள் அழுதார்கள். இனிமேல் அந்தக் கட்டடத்தில் ஒரு பிள்ளையும் சாகாது. இதையும் உங்கள் தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது தடவை அவள் கேட்டபோது எனக்கு உண்மை தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஜன்னலில் நெருப்பைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். நான்தான் வைத்தேன், நான்தான் அவளை உள்ளே நிறுத்தினேன், நான்தான் ஆள் இல்லை என்று சொன்னேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஒன்றே ஒன்று மேடம், அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். அன்றைக்கு நடந்தது ட்ரில்தான்.