லொரெட்டா கையில் பகடை

— லொரெட்டா, அந்தப் பகடையக் கீழ வெச்சுட்டு வா! எதுத்தாப்புல கல்யாணச் சர்ச்சுல நம்ம நேரம் ஆரம்பிச்சாச்சு. அஞ்சு மணி தாண்டினா அடுத்த ஜோடிக்குக் குடுத்துருவாங்களாம்.

— யோவ் வர்ஜில், கத்தாத. கை நல்லா விழுந்துட்டு இருக்கு. இவ்ளோ நேரமா நான் ஒருத்திதான் உருட்டுறேன், தெரியுமா? மேசையே என்னை நம்பி நிக்குது.

— கல்யாண கவுனப் போட்டுக்கிட்டு சூதாடுற பொண்ண இன்னிக்குத்தான் பாக்குறேன். உன்னத் தேடி இந்தக் கேசினோவுல மெஷின் மெஷினா அலைஞ்சதுல முழங்கால் போயிருச்சு. பூச்செண்டு எங்க?

— கிளாஸ் வெக்கிற குழியில செருகி வெச்சிருக்கேன். வாடாம இருக்கும்.

— நீ பாட்டுக்கு உருட்டு தாயி! அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்க கைய மறைக்காதீங்க.

— நீங்க யாருங்க தொப்பிக்காரரே, நடுவுல?

— டெக்சாஸ்லேர்ந்து வந்து இந்த ஊர்லயே தங்கிட்டவன் அண்ணே. தோத்துத் தோத்துக் கெடந்தேன், இந்தத் தாயி பகடையத் தொட்டப்புறந்தான் உசிரே வந்துச்சு. இப்ப அவங்களக் கூட்டிட்டுப் போனீங்க, அந்தப் பாவம் உங்களச் சும்மா விடாது.

— கேட்டியா வர்ஜில்? இனி ஒம்போது விழுந்தா எல்லாருக்கும் காசு. நடுவுல எந்திரிச்சுப் போனா ஃப்ரீமான்ட் தெருவுல எந்த மேசையிலயும் என்னை அண்ட விடமாட்டாங்க.

— ஒம்போதுக்கு முன்னாடி ஏழு விழுந்தா முடிஞ்சுரும்ல?

— ஐயையோ! வாயக் கழுவுங்க அண்ணே! பகடை கையில இருக்கையில அந்தப் பேரச் சொல்லுவாங்களா?

— வர்ஜில்! அறிவிருக்கா உனக்கு?

— இந்த வேகஸ்ல டாக்ஸி ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன். ஏழு! ஏழு! இன்னும் சொல்லுவேன்.

— உனக்கு என்னய்யா ஆச்சு இன்னிக்கு?

— மொதல் தடவ, நாய்க்கு வயிறு சரியில்ல, கல்யாணத்தத் தள்ளி வெப்போம்ன. சரின்னேன். அடுத்த தடவ, மழையில கூரை ஒழுகுதுன்ன. இந்தப் பாலைவனத்துல ஏது லொரெட்டா மழை? அதையும் நம்பினேன். இன்னிக்கும் வரலன்னா இனி நான் கேக்கப் போறதில்ல. கோவமில்ல பாரு. கேக்குற தெம்பு போயிருச்சு.

— அப்படிச் சொல்லாதய்யா. எனக்குப் பயமா இருக்கு. மொதல் கல்யாணத்துல எல்லாம் நல்லாத்தான் போவுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் காலைல அந்தாளு சீப்பக்கூட விடாம எடுத்துட்டுப் போயிட்டான். இங்க தோத்தா, தோத்துட்டன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாங்க. வீட்டுல யாரு சொல்றா?

— நான் சொல்லுவேன். முட்டையக் கருக்கினா கருகிப்போச்சுன்னு சொல்லுவேன். நீ பாடினா காதப் பொத்திக்குவேன். ஆனா காலைல நீ எந்திரிக்கையில பக்கத்துல இருப்பேன்.

— ரொம்ப உருக்கமாத்தான் இருக்கு அண்ணே. ஆனா மேசைக்காரர் மொறைக்கிறாரு. தாயி, உருட்டு!

— கொஞ்சம் இருங்க. மேசைக்காரரே, இந்த டோக்கன எதிர்ப்பக்கம் வைங்க. ஒம்போது விழாதுன்னு கட்டுறேன்.

— அடப்பாவி! கல்யாணத்தன்னிக்கு நான் தோக்கணும்னு பணம் கட்டுறியா?

— ஆமா. நீ தோத்தாத்தான எனக்குக் கெடைப்ப?

— ஆத்தாடி! கட்டிக்கப் போறவளுக்கு எதிராவே கட்டுறாரே மனுசன்! சிரிக்காத தாயி, பகடை நழுவிரும். ஏய்... உன் டோக்கன ஏன் எடுக்குற?

— அவரு டோக்கன் பக்கத்துல வெக்கிறேன்.

— எதிர்ப்பக்கத்துலயா? உருட்டுறவளே தனக்கு எதிராவா? இந்தக் கூத்த எந்த மேசையிலயும் நான் பாத்ததில்ல தாயி!

— என்ன வர்ஜில், திருதிருன்னு முழிக்கிற? வர்றியா இல்லையான்னு கேட்டியே, இதான் பதில். பகடையில ஊது.

— ஊதிட்டேன்.

— ஐயோ... ஐயையோ... நாலும் மூணும்! ஏழு விழுந்துருச்சு! போச்சு, எல்லாம் போச்சு!

— ஜெயிச்சுட்டோம் வர்ஜில்! இதுக்குப் போயி அழுவியா? கண்ணத் தொடச்சுக்கோ.

— மணி அஞ்சு தாண்டிருச்சு லொரெட்டா. ஓடு! பாதிரியார் கெளம்பிப் போயிருப்பார்.

— அவரு எங்க போவாரு அண்ணே? உங்க பொண்டாட்டி கைய நம்பி இருந்ததெல்லாம் தோத்துட்டு உங்க முன்னாடிதான நிக்குறேன்! வாங்க, நடங்க, ரெண்டு பேருக்கும் கல்யாணத்த முடிச்சு வெச்சுடுறேன்.