சொந்த ஊர் டீம்

எழுமலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். "எங்க ஊரை நானே நாலு தடவை தோக்கடிச்சிருக்கேன்ணே" என்றார் ஜன்னலோரத்துக்காரர். கபடிக்காரராம். பதினெட்டு வருசமாக, கூப்பிட்ட டீமுக்கெல்லாம் ஆடியவர்.

"சொந்த ஊருக்கு ஆடுனதே இல்லயா மாப்ள?"

"கூப்பிடாம எப்படிண்ணே போறது? அவனா வரட்டும்னு அவிங்களும் இருந்துட்டாங்க."

"நல்ல வீம்புடா! மொறச்சுக்கிட்டு நிக்கிற சம்பந்திக மாதிரி."

"இந்தப் பொங்கலுக்குக் கூப்பிட்டாங்க. வாரேன்னுட்டேன்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? டாக்டர் ஆடவே கூடாதுன்னாருல்ல?"

"அத ஊர்ல சொல்லலண்ணே."

எழுமலையில் கம்பியைப் பிடித்து, முகம் சுளித்தபடி மெல்ல இறங்கினார். கீழே டீம் பனியனோடு நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு, கடைசிப் படியிலிருந்து குதித்தார்.