நலம் என்று எழுதிய பத்து அட்டைகள்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் இதய மருத்துவர் தியாகராசன் ஐயா அவர்களே! பள்ளித் திடலைத் தந்த மாதா கோயில் பங்குச்சாமி அவர்களே! கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுப் பெரியவர்களே! உளுந்து பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டுக் குரும்பகரத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! வலையை உலர்த்திப் போட்டுவிட்டு வந்திருக்கும் கிளிஞ்சல்மேட்டு அண்ணன்மார்களே! மூன்றாம் வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் பந்தல் துணியின் தையலைப் பார்த்துக்கொண்டிருக்கும் டெய்லர் சேக் அலாவுதீன் அண்ணே! அனைவருக்கும் இந்தச் சலோமியின் கைகூப்பு.

மைக்கை இறக்கச் சொல்கிறீர்களா? இறக்குங்கள். நான் குள்ளம்தான். என் வீட்டுக்காரரும் முப்பது வருஷம் அதைத்தான் சொன்னார்.

அவரை உங்களுக்குத் தெரியும். விசைப்படகுகளுக்கு எஞ்சின் பார்த்த மெக்கானிக் சவரிநாதன். போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் மேடையில் என்ன பேசுவாள் என்று கேட்பீர்கள். படித்ததைப் பேச வரவில்லை ஐயா. பறிகொடுத்ததைப் பேச வந்தேன்!

எழுபத்தேழாம் வருஷம் அவருக்கும் அலாவுதீன் அண்ணனுக்கும் ஒரே மாதத்தில் நெஞ்சு வலி. ஒரே பஸ்ஸில் மதராசுக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் மூன்று மூன்று இடத்தில் அடைப்பு. அங்கே இந்த டாக்டர் ஐயா அன்றைக்கே ஒளிக்காமல் சொன்னார்: ஆபரேஷன் நல்லதா, மாத்திரை நல்லதா, எங்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது, யாருக்கு எது என்று சீட்டு எடுப்போம், வருஷா வருஷம் விசாரித்து, கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்போம், சம்மதமா என்றார். சம்மதித்தார்கள். அலாவுதீன் பாய்க்கு ஆபரேஷன் விழுந்தது. என்னவருக்கு மாத்திரை விழுந்தது.

காலிலிருந்து குழாய் எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்திருந்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அலாவுதீன் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "தையல் கோணலா இருக்கே டாக்டர்! ஓரத்தை மடிச்சுல்ல அடிச்சிருக்கணும்?"

பக்கத்திலிருந்து என்னவர் சொன்னார்: "பிரிச்சு நீயே அடிச்சுக்க பாய். அடைச்ச பைப்புக்குப் பக்கத்துல புதுப் பைப்பு போட்டிருக்காங்க. எஞ்சின் ஓடுதா, அத மட்டும் பாரு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவர் பேரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

வருஷம் தவறாமல் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அட்டை வந்தது. நடந்தால் வலிக்கிறதா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கீழே பதில் எழுத இடம். அவர் என்ன எழுதினார்? "நலம். நலமறிய அவா." அவ்வளவுதான். பத்து வருஷம், பத்து அட்டை, பத்திலும் நலம்!

நலமா இருந்தார்? மாதா கோயிலுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நிற்பார். கேட்டால் மணி பார்ப்பதாகச் சொல்வார். கையில் கடிகாரமே கிடையாது! "வலியை எழுதுங்களேன்" என்றேன். "போடி இவளே, பெரிய மனுசனுக்குப் போடுற கடுதாசில யாராச்சும் வலின்னு எழுதுவாங்களா? கெட்ட சேதின்னா மூலையக் கிழிச்சுல்ல போடணும்? நான் இன்னும் சாவலயே" என்றார். நானும் சிரித்தேன். தபால் பெட்டியில் போட்டது யார்? இந்தக் கைதான்.

போன சித்திரையில், படகடியில், ஸ்பேனர் பிடித்த பிடி விடாமல் போய்விட்டார். பதினோராவது அட்டை வந்தது. மகள் அமலராணியை எழுதச் சொல்லி, மூலையைக் கிழித்து நான் அனுப்பினேன். தாய்மார்களே, அந்தப் பதினோரு அட்டையில் உண்மை சொன்னது அது ஒன்றுதான்!

நேற்று ஐயா எங்கள் வீட்டுக்கு வந்து, அட்டைப் பதில்களைக் குறித்து வைத்த நோட்டைத் திறந்து காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, மாத்திரை விழுந்தவங்கள்ல வலி அதிகமானவங்களை நாங்க கூப்பிட்டு ஆபரேஷன் பண்ணினோம்மா. உங்க வீட்டுக்காரர் பேருக்கு நேரா பத்து வருஷமும் 'வலி இல்லை'ன்னு இருக்கு. வலின்னு ஒரு வரி இருந்திருந்தா முதல்ல அவரத்தான் கூப்பிட்டிருப்பேன்."

ஒரு வரி! ஒரே ஒரு வரி! ஐயாவுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, ஐயாவின் கையைக் கட்டிப்போட்டு அனுப்பினோமே, அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்?

சற்றுமுன் ஐயா பேசியதைக் கேட்டீர்கள். பெரிய அடைப்பு உள்ளவர்களில், முதல் ஐந்தாறு வருஷம் ஆபரேஷன் ஆனவர்கள்தான் அதிகம் பேர் உயிரோடு நடமாடினார்களாம். ஆனால் பத்து வருஷம் நெருங்க நெருங்க வித்தியாசம் குறைகிறதாம். ஏன்? வைத்துத் தைத்த குழாயிலும் அடைப்பு வருகிறதாம். அப்படியானால் ஆபரேஷன் ஆனவரும் அயர்ந்துவிடக் கூடாது, மாத்திரை தின்பவரும் மறைத்துவிடக் கூடாது. இதுதானே பொருள்?

இப்போது மூன்றாம் வரிசைக்கு வருகிறேன். அலாவுதீன் அண்ணன் வீட்டுக்காரி பத்ருன்னிசா, தலையைக் குனியாதே. நீ என்னிடம் அழுதுகொண்டே சொன்னதைச் சபையில் சொல்வதற்கு மன்னித்துவிடு. "அக்கா, அவங்க மிஷினை மிதிக்க முடியாம பாதியில நிறுத்திடுறாங்கக்கா. அட்டையில மட்டும் நலம்னு எழுதுறாங்க" என்றாளே!

அலாவுதீன் அண்ணே! என் வீட்டுக்காரர் எழுதிய அதே வார்த்தையை நீங்கள் எழுதலாமா? அவருக்கு ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை, நானும் சிரித்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல நான் இருக்கிறேன். ஐயா பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அட்டை வேண்டாம், தபால்தலை வேண்டாம். வாயைத் திறந்தால் போதும்! ஒரு நண்பனைப் படகடியில் கொடுத்தீர்கள். உங்களையும் தையல் மிஷினடியில் நாங்கள் கொடுக்க வேண்டுமா?

எழுந்துவிட்டார்! தம்பிகளே, சத்தம் போடாதீர்கள், அவர் பேசட்டும்.

கேட்டதா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "பொங்கல் துணி தைக்கிறப்பலேருந்து வலிக்குது தங்கச்சி. எழுதிக்கிடச் சொல்லு" என்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சேக் அலாவுதீன், வலிக்கிறது. அவர் பேருக்கு நேராக எழுதுங்கள். பேனா இல்லையென்றால் என்னவர் பேனாவை எடுத்து வந்திருக்கிறேன். நலம் மட்டுமே எழுதிப் பழகிய பேனா, இன்றைக்கு ஒரு உண்மையும் எழுதட்டும்.

இதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் தலைவர் ஐயாவுக்கும் நன்றி. போய் வருகிறேன். அண்ணே, நீங்கள் உட்காராதீர்கள். நேரே மேடைக்கு வாருங்கள். படி மூன்றுதான். மெதுவாக ஏறுங்கள், நான் கை கொடுக்கிறேன்.