அக்காளுக்கு ஏச்சு, தங்கச்சிக்கு மக்ரூன்

— நல்லாருக்குளா நியாயம். ஒரே டாக்டரம்மா, ஒரே சுகர், ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரு. அக்காளுக்கு ஏச்சு, தங்கச்சிக்கு மக்ரூன்.

— மெதுவா பேசுக்கா. பஸ் ஸ்டாப்புல எல்லாரும் பாக்காவ.

— பாக்கட்டும். ஆஸ்பத்திரி வாசல்லயே, அம்புட்டும் சீனியா இருக்குற மக்ரூன் பொட்டலத்த பிரிக்கியே ஞானம், ஒனக்கு கூச்சமா இல்ல? உள்ள என்னய என்ன ஏசு ஏசுனா தெரியுமா? ‘அற்புதமணியம்மா, சோத்த கொறைக்க மாட்டீங்களா, கால் போனாத்தான் புத்தி வருமா’ன்னு. எம் பேத்தி வயசு அவளுக்கு. ஒனக்கு மட்டும் கையப் புடிச்சுக்கிட்டு, ‘ஆசப்பட்டத கொஞ்சமா தின்னுக்கோங்க.’

— சொன்னா, தின்னுதேன். ஒனக்கு ஒண்ணு வேணுமா?

— வேண்டாம். ஓரத்துல கொஞ்சம் கிள்ளிக் குடு.

— தர மாட்டேன்.

— தெரியும். சின்னதுலருந்தே எல்லாம் ஒனக்குத்தான். அப்பா ஒனக்கு கொழும்புக்கு தோணி ஓட்டுற தண்டல மாப்பிள்ளையா பாத்தாரு, எனக்கு ஐஸ் பேக்டரி வாட்ச்மேன. நீ கொழும்புச் சீல கட்டிக்கிட்டு மாதா கோயிலுக்கு வருவ. ஊரே ஒன்னயத்தான் பாக்கும்.

— அந்தத் தண்டல் போயிச் சேந்து எத்தன வருசமாச்சு. ஒம் மாப்பிள்ள இன்னைக்கும் ஒனக்கு காப்பி போட்டுத் தாராரு.

— சீனி இல்லாத காப்பி.

— அதுக்கும் நானா பொறுப்பு?

— ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரதான் இருந்துச்சு. ஒனக்கு ஒவ்வொண்ணா நிறுத்திட்டா, எனக்கு கூட்டிக்கிட்டே போறா. ‘நான் நல்லாயிட்டேன்க்கா, அதான் நிறுத்திட்டா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன பாரு, எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒளிக்க என்ன இருக்கு.

— எரியட்டும்னுதான் சொன்னேன்.

— நானும் சும்மா இருக்கல. ஒனக்கு எத நிறுத்துனாளோ, அத நானும் நிறுத்திட்டேன்.

— என்னத்த நிறுத்துன?

— மாத்திரையத்தான். ஒரே ரத்தம்தானே. ஒனக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஒத்துக்காதா?

— எப்பருந்துக்கா?

— மாதா திருநாளுக்கு முன்னாலருந்து. இப்ப சுகர் எகிறிட்டுன்னுதான் அந்தக் கத்து கத்துனா.

— அவகிட்ட சொன்னியா?

— சொல்லுவனா? அதுக்கு வேற ஏசுவா.

— செருப்பக் கழத்து.

— எதுக்குளா?

— கழத்துன்னா கழத்து. வரும்போதே நொண்டுனத பாத்தேன். ஏக்கா, இது புண்ணுல்லா. அடியில கறுத்துக் கெடக்கு.

— சின்னக் கொப்புளம். வலிக்கவே இல்ல.

— வலிக்காததுதான் மோசம். வா, திரும்ப உள்ள போவோம். மாத்திரைய நிறுத்துனத சொல்லு, கால காட்டு.

— நான் வர மாட்டேன். அவ ஏசணும், நீ பக்கத்துல நின்னு சிரிக்கணும், அதானே?

— எனக்கு கிட்னி ரெண்டும் கெட்டுப் போச்சுக்கா.

— என்ன சொல்லுத?

— இருதயமும் சொகமில்ல. அந்த மாத்திர ஒடம்புலயே தங்கி, சுகர் ஒரேயடியா எறங்கி, ரெண்டு தடவ குசினியில அடுப்புப் பக்கத்துல விழுந்து கெடந்தேன். அதான் நிறுத்துனா. நான் நல்லாயி நிறுத்தல.

— அப்ப மக்ரூன்?

— சாப்பாட்டுல கட்டுப்பாடா இருந்தா பின்னால பல வருசம் கழிச்சு வர்ற கெடுதலத் தடுக்கலாமாம். அம்புட்டு வருசம் எனக்கு இருக்கான்னு கேட்டேன். அதுக்கு அவ கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னதுதான் நீ கேட்டது.

— மாதாவே. பாவி, ஏன் என்கிட்ட பொய் சொன்ன?

— நீ பொறாமப்படுதத பாக்கயில, நான் நெசமாவே நல்லா இருக்கேன்னு தோணுச்சு. அதுக்காகத்தான். நீ மாத்திரைய நிறுத்துவன்னு நான் கண்டனா?

— ஞானம்.

— அழாத. செருப்ப மாட்டு. என் தோளப் புடிச்சுக்க, அவ வீட்டுக்குக் கெளம்புறதுக்குள்ள போயிருவோம்.

— நீயே மூச்சு வாங்குத, ஒன் தோளப் புடிக்கவா? இத்தன நாளும் ஒன்னயப் பாத்து எரிஞ்சேனே, எனக்கு நாக்கு அழுவிரும்ளா.

— நான் மட்டும் என்ன. நீ உள்ள ஏச்சு வாங்கும்போதெல்லாம், கதவுக்கு வெளிய ஒக்காந்து நானும் ஒன்னயப் பாத்து எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பொழைக்கப் போறவளத்தான்க்கா அவ ஏசுதா.