சங்கவியின் ஃபைலில் ஒரு வரி

டீ நன்றாக இருக்கிறது. விழுப்புரத்தில் இவ்வளவு திட்டமாகச் சர்க்கரை போடுகிறவர்கள் குறைவு. நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

என் பெயர் குமரேசன். திண்டிவனத்தில் கோதண்டபாணி சார் நடத்தும் கம்பெனியில் ஏழு வருஷமாக வெப்சைட் செய்கிறேன். கம்பெனி என்றால் ஒரு செல்போன் கடைக்கு மேலே ரெண்டு அறை. கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், நெல் மண்டி என்று இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு நான்தான் செய்து கொடுத்தேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்து மீனவர் சங்கத்துக்கும் நான்தான். படகுப் பதிவு, டீசல் விலை, ஏல விலை என்று மெனுவில் ஆறு வரி. காற்று பலமாக இருக்கும் என்று தகவல் வரும் நாளில் மட்டும் சங்கச் செயலாளர் ஒரு பட்டனை அழுத்துவார். மெனுவின் உச்சியில் 'கடலுக்குப் போகாதீர்' என்று சிவப்பாக ஒரு வரி கூடுதலாக வரும். அந்த யோசனை என்னுடையது. குறித்துக்கொள்ளுங்கள்.

அதைச் சொல்லிக் கொடுக்க நானே குப்பத்துக்குப் போனேன். துரைக்கண்ணு என்று ஒரு பெரியவர், அறுபது வயசு, பார்வை கொஞ்சம் மங்கல். "எழுத்து எறும்பு மாதிரி இருக்குதுப்பா, இன்னாத்த படிக்கிறது" என்றார். செட்டிங்ஸில் போய் எல்லாவற்றையும் ஆனமட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன். அப்படிப் பெரிதாக்கினால் வெப்சைட் அந்தப் போனை ரொம்பச் சின்னத் திரை என்று எடுத்துக்கொள்ளும். அந்த அகலத்துக்கு மெனு சரியாக மடிகிறதா என்று அளந்தும் பார்த்தேன். கிளம்பும்போது கருவாடு கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

போன வருஷம் சங்கவி வந்தாள். முகையூர்க்காரப் பெண், திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வந்த ரெண்டாவது வாரமே, "அண்ணா, இந்தச் சங்கத்து மெனுவக் கொஞ்சம் க்ளீன் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். என்னுடைய மெனு நானூற்றுப் பன்னிரண்டு வரி. கம்ப்யூட்டருக்கு ஒன்று, டேப்லெட்டுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று மூன்று மெனு எழுதி, ஒன்றைக் காட்டும்போது மற்ற இரண்டையும் மறைத்து வைத்திருந்தேன். எங்காவது இடித்தால் அதன் மேல் இன்னொரு வரி போடுவேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரே மத்தியானத்தில் அதை நாற்பத்தெட்டு வரியாக்கினாள். ஒரே பட்டியல், ஒரே பட்டன். திரை சுருங்கினால் தானாக மடிகிறது, விரிந்தால் தானாக வரிசையாக நிற்கிறது. கோதண்டபாணி சார் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். "பாத்தியா குமரேசா, ஏழு வருசமா நீ மூட்டை கட்டிக்கினு இருந்தத இந்தப் பொண்ணு கைப்பையில போட்டுச்சு" என்றார். ஃபைலின் தலையில் அவள் பெயரைப் போடச் சொன்னார். என் பெயரை எந்த ஃபைலிலும் போடச் சொன்னதில்லை. வருகிற கஸ்டமர்களிடம் எல்லாம் அந்த நாற்பத்தெட்டு வரியைச் சொல்வார்.

அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் படித்தேன். ஒரு தப்பாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன். அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஊருக்குப் போய் வந்தால் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவருவாள், முதல் கைக் கடலை எனக்குத்தான் தருவாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் ஆபீஸ் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த வேலை முடிந்தாலும் சார் தன் போனில் திறந்து பார்ப்பார். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு போன். அதில் சரியாக இருந்தால் உலகத்துக்கே சரி. என் டிராயரில் ஒரு பழைய சின்னப் போன் உண்டு, சின்னத் திரைக்கு அதில் நான் மட்டும்தான் பார்ப்பேன். சங்கவி வந்த பிறகு அதை யாரும் கேட்கவில்லை. இன்னொன்று, ஆபீசில் எல்லோருக்கும் ஒரே லாகின். யார் எதைத் திருத்தினார்கள் என்று பார்க்க வழியில்லை.

அவள் அக்கா வளைகாப்புக்கு லீவு போட்ட அன்று அந்த ஃபைலைத் திறந்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். திரை இந்த அளவோ அதற்குச் சின்னதோ என்றால் சிவப்பு வரியைக் காட்டாதே, அவ்வளவுதான். அவள் எப்படி இடம் விட்டு எழுதுவாளோ அப்படியே விட்டேன். அந்த அளவு துரைக்கண்ணுவின் போனில் அன்று அளந்த அளவுதான். அவரை நினைத்து எழுதவில்லை. எனக்கு மனப்பாடமாக இருந்த எண் அது ஒன்றுதான்.

டீசல் விலையை மறைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. டீசல் விலை தெரியவில்லை என்று யாரும் திண்டிவனம் வரை வந்து சண்டை போட மாட்டார்கள். எனக்குச் சண்டை வேண்டியிருந்தது.

ஒன்றரை மாதம் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. தினமும் பல் தேய்க்கும் முன் வானிலை பார்த்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. டிராயரிலிருந்து பழைய போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு வரிதான் இருந்தது. எதிரில் சங்கவி நிமிர்ந்தாள்.

"இன்னாண்ணா, அந்தப் போன எடுத்துக்கினு?"

"சும்மா பாக்கறேன்மா."

நான் சேர்த்த வரியை எடுத்துவிட அரை நிமிஷம் போதும். யோசிக்காமல் இல்லை. எடுத்துவிட்டால் மறுபடி அந்த நாற்பத்தெட்டு வரி அப்படியே நிற்கும். ஐந்து பத்துக்கு வரும் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் குப்பத்தில் எல்லோரும் படகைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். துரைக்கண்ணு எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் போகிறவர், அன்றும் கோயில் மைக்கில் எச்சரிக்கை சொல்வதற்கு முன்னாலேயே போய்விட்டார். படகு மூன்றாம் நாள் கிடைத்தது, அவர் ஐந்தாம் நாள்.

சங்கச் செயலாளர் துரைக்கண்ணுவின் மனைவி அம்சாவை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அந்தம்மாவின் கையில் போன் இருந்தது. "பாத்துட்டுத்தாங்க போனாரு. ஒண்ணும் போடல, ஜல்தி போய்ட்டு வர்றேன்னு சொன்னாரு" என்றார். சார் ஃபைலைத் திறந்தார். சங்கவி அந்த வரியை ரெண்டு தடவை படித்தாள்.

"நான் எழுதல சார்" என்றாள். "ஆனா நான் எழுதற மாதிரியேதான் இருக்குது" என்றாள்.

"நீ எழுதாம வேற யாரும்மா எழுதனது? குமரேசனா?" சார் என் பக்கம் கையைக் காட்டினார். "அவனுக்கு இவ்ளோ சுருக்கமா எழுத வராதும்மா. அவன் எழுதியிருந்தா அம்பது வரி ஆயிருக்கும்."

அவளும் என்னைப் பார்த்தாள். சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று அவளை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி இதே நாற்காலியில்தான் உட்கார வைத்தீர்களாம். பதினோரு நாள் பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நல்ல வார்த்தைதான். துரைக்கண்ணு போனது என்னால்தான், அதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தத் தாளில் இன்னும் 'சங்கவியின் ஃபைலில் இருந்த வரி' என்றே இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். அவள் எழுதியது நாற்பத்தெட்டுதான் சார். நாற்பத்தொன்பதாவது நான் எழுதியது. அதில் ஒரு எழுத்துக்கூட அதிகம் கிடையாது, வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.